அவர் படத்தைப் போட்டது நான்தான்

தோஹா தொழில்பேட்டை கேம்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை டியூட்டி கிடையாது. மதியம் சாப்பிட்டதும் ஒரே போனைச் சுற்றிப் படுத்துக்கொண்டு, அமெரிக்காவின் பழைய கொலை வழக்குகளைத் தமிழில் சொல்லும் வீடியோக்களைப் பார்ப்போம். அன்றைக்கு, மனைவியைக் கொன்றதாகப் பிடிபட்ட ஒருவனின் கதை. விசாரணை தொடங்கும் முன்பே பத்திரிகைகள் அவன் படத்தைப் போட்டுக் கொலைகாரன் என்று எழுதிவிட்டன. பல வருஷம் உள்ளே இருந்த பிறகுதான் குற்றமற்றவன் என்று விட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்புறம் கோர்ட்டு எதுக்கு? பேப்பர்காரனே தூக்குல போட்டுற வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

அடுத்த வாரம் ரூமில் ஒருவருடைய போன் காணாமல் போனது. அந்த மாதம்தான் எங்கள் ரூமுக்குப் புதிதாக வந்திருந்த பெரம்பலூர்க்காரர் மட்டும் அன்று காய்ச்சலென்று டியூட்டிக்குப் போகாமல் ரூமில் இருந்தார். வேறு சாட்சி எதையும் நான் தேடவில்லை. அவர் படத்தைக் கேம்ப் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'இவரிடம் ஜாக்கிரதை' என்று எழுதினேன். சாயங்காலம் மெஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை.

மூன்றாம் நாள், கம்பெனி பஸ் சீட்டுக்கடியில் போன் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன். வேறு ரூமுக்கு மாறப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

"அந்த வீடியோவ நானும் உங்க பக்கத்துல படுத்துத்தாண்ணே பாத்தேன். நீங்க கத்துனதக் கேட்டுட்டு, நமக்கு ஒண்ணுன்னா கேக்க இந்த ரூம்ல ஒரு ஆள் இருக்குன்னு நெனச்சேன்."