காலிக் கட்டங்களில் நான் போட்ட பூஜ்யம்

கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது ஆடி மாதத்தில் இரண்டு நாள் ஹேக்கத்தான் என்கிற கம்ப்யூட்டர் போட்டி ஒன்றுக்குப் போனோம். அந்த இரண்டு நாளும் முழுதாக விழித்திருந்து பார்த்தவைதானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும். ஊட்டியிலிருந்து சோலூர் போகிற பாதையில் ஒரு கல்லூரி அரங்கம். ஜன்னலில் இரண்டு கண்ணாடிகள் உடைந்து, அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். காற்று அட்டையைத் தள்ளிக்கொண்டு பனியை உள்ளே கொண்டுவந்தது. புரொஜெக்டரின் வெளிச்சம் அந்தப் பனிக்குள் நீளமான வெள்ளைக் குழாய்போல நின்றது. குழாயின் மறுமுனையில், திரையில், அணிகளின் பட்டியல். மதிப்பெண் மாற மாற, ஒரு சத்தமும் இல்லாமல், ஒரு பெயர் மேலே ஏறும், இன்னொன்று கீழே இறங்கும்.

எல்லா அணிக்கும் ஒரே வேலைதான். பெயரும் முகவரியும் நீக்கிய பழைய கடன் விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்திருந்தார்கள். யார் ஒழுங்காகக் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பதும் அதிலேயே இருந்தது. அதைப் படித்துக் கற்றுக்கொண்டு, புதிதாக வருகிற ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று சொல்கிற கம்ப்யூட்டர் மாடல் ஒன்றைச் செய்ய வேண்டும். பகலில் மட்டும்தான் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அரங்கைப் பூட்டிவிடுவார்கள், அதற்குமேல் வாசல் புல்வெளிக்குக் காட்டெருமைகள் வந்துவிடும்.

நாங்கள் மூன்று பேர். இத்தலாரிலிருந்து வந்த என் தோழி எங்களுக்குத் தலைவி. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வளர்ந்த வகுப்புத் தோழன் மாடலைக் கட்டுகிறவன், அதிகம் பேசமாட்டான். எனக்குக் கிடைத்தது டேட்டாவைச் சுத்தம் செய்கிற வேலை. யாரும் விரும்பிக் கேட்காத வேலை அது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல, வயது இருநூறு என்று இருப்பவரைத் தேடி எடுப்பது, இரண்டு முறை வந்த வரியை நீக்குவது, காலியாக விட்ட கட்டங்களை எதையாவது போட்டு நிரப்புவது.

‘கடைசியாகத் தவணை தவறி எத்தனை மாதம் ஆகிறது’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஏகப்பட்ட கட்டங்கள் காலி. காலியாக விட்டால் எங்கள் மாடல் ஓடாது. எல்லாவற்றிலும் பூஜ்யம் போடச் சொல்லி புரோகிராமில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது மாடல் ஓடி முடிந்து, எங்கள் பெயர் திரையில் மூன்றாவது இடத்துக்கு ஏறியிருந்தது. தோழி என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினாள். தோழன் வெறுமனே கழுத்து மஃப்ளரைச் சரிசெய்துகொண்டான். அதுதான் அவனுடைய கொண்டாட்டம்.

மதியம் சாப்பிட்ட பிறகு எனக்குக் கண் செருகியது. லேப்டாப் திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. நாற்பத்து மூன்று வயது, பெண், வாடகை வீடு, பிள்ளைகள் இரண்டு. அறுபது வயது, ஆண், சொந்த வீடு, தொழில் ‘மற்றவை’. கொஞ்ச நேரத்தில் அவை வரிகளாகத் தெரியவில்லை. அந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஜன்னலுக்கு வெளியே, கற்பூரத் தைலமரங்களுக்கு நடுவில், குடையில்லாமல் நடந்து போனாள். பின்னாலேயே ‘மற்றவை’க்காரர் கையில் ஒரு பையோடு போனார். பனி வந்து மூடியது. விலகியபோது வேறு யாரோ போனார்கள். எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. “ஏனுங்க, டம்ளர எடுத்துக்கட்டுங்களா?” என்று கேன்டீன்காரர் கேட்டபோதுதான் நிமிர்ந்தேன்.

இரண்டாம் நாள் காலை மூன்றாவது இடத்திலேயே இருந்தோம். நடுவர்களுக்குக் காட்டுவதற்குத் தோழி ஒரு படிவம் தயாரித்திருந்தாள். விவரங்களை நிரப்பி அழுத்தினால், கடன் கொடுக்கலாமென்றால் பச்சை எரியும், வேண்டாமென்றால் சிவப்பு.

“சும்மா ஏதோ ஒரு நம்பரப் போட்டா நல்லா இருக்காது. நெசமான ஆளு யாரையாவது போட்டுப் பாரு,” என்றாள்.

நான் என் அத்தாவைப் போட்டேன்.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் குன்னூர் மார்க்கெட்டில் சின்ன பேக்கரி. விறகு அடுப்பில் வர்க்கி பிஸ்கட் சுடுகிறவர். தோளில் வலி வந்த பிறகு மாவு பிசைவது சிரமமாகி, ஒரு மெஷின் வாங்கலாமென்று அந்த வருடம் ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தார். அவர் வாழ்நாளில் கேட்ட முதல் கடன். கம்ப்யூட்டரில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். “இத்தன வருசம் கடையில நிக்கறேன், நான் இல்லவே இல்லையாம்!” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

அவருடைய வயது, வருமானம், எத்தனை வருடமாகக் கடை என்று எல்லாம் நிரப்பினேன். கடன், தவணை என்று கேட்ட கட்டங்களைக் காலியாக விட்டேன். அழுத்தினேன்.

சிவப்பு.

தோழி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “யாருடி இது?”

“அத்தா.”

தோழன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். எந்த விவரம் மாடலைச் சிவப்புப் பக்கம் தள்ளியது என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். பிறகு திரையில் ஒரு தலைப்பின் மேல் விரல் வைத்தான். கடைசியாகத் தவணை தவறி எத்தனை மாதம்.

“இதுல பூஜ்யம்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டான்.

“இந்த மாசந்தான் தவறியிருக்காங்கன்னு...” சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

காலியாக இருந்தவர்கள் தவணை தவறாதவர்கள். அல்லது தவணையே இல்லாதவர்கள். அத்தனை பேரையும் நான், டீ ஆறிவிடுமே என்கிற அவசரத்தில், நேற்றுத்தான் பணம் கட்டத் தவறியவர்களோடு ஒரே அறையில் அடைத்திருந்தேன். மாடல் என்ன செய்யும், நான் சொன்னதை நம்பிவிட்டது. என்னுடைய ஒரு வரிதான் என் அத்தாவை வேண்டாமென்றது. வங்கியில் அன்றைக்கு அவர் எப்படி நின்றிருப்பார் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தேன்.

“நான்தான் தப்புப் பண்ணிட்டேன்,” என்றேன்.

“சரி பண்ணிரலாம். ரெண்டு மணி நேரம் இருக்குது,” என்றான் தோழன். அவன் குரலில் குற்றம் சொல்வதாக ஒன்றுமில்லை.

காலியாக இருந்தவர்களைத் தனியாகப் பிரித்து, ‘தவணை தவறியதில்லை’, ‘இதுவரை கடன் வாங்கியதில்லை’ என்று இரண்டு புதுத் தலைப்புகள் வைத்தேன். மாடல் மறுபடி கற்றுக்கொண்டது. அத்தாவைத் திரும்பப் போட்டோம். இந்த முறை பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில், ஏறக்குறைய சரிபாதியில் வந்து நின்றது.

“அதுக்குத் தெரியலை,” என்றான் தோழன். “இவரை மாதிரி ஆளுகளப் பத்தி அதுகிட்ட ஒண்ணுமே இல்ல.”

“அப்ப தெரியலைன்னே சொல்லட்டும்,” என்றாள் தோழி.

பச்சை, சிவப்பு இரண்டோடு மூன்றாவதாக ஒரு பதிலைச் சேர்த்தோம். ‘எனக்குத் தெரியவில்லை. நேரில் போய்க் கேளுங்கள்.’ போட்டியின் விதிப்படி அப்படி வருகிற ஒவ்வொரு பதிலும் தவறு என்றே கணக்காகும். தோழிக்கு அது தெரியும். அவள்தான் அழுத்தினாள். பனிக்குள் எங்கள் பெயர் மூன்றிலிருந்து இறங்கியது. நான்கு, ஏழு, பத்து. ஒரு இலை கிணற்றுக்குள் விழுவதைப்போல மெதுவாகப் போய், பதினொன்றில் நின்றது. எனக்கு அழுகை வருமென்று நினைத்தேன். அதற்குப் பதிலாக ஒரு லேசான தூக்கம் வந்தது, காய்ச்சல் விட்ட மறுநாள் வருமே, அப்படி.

நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர். “தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மெஷின் எதுக்கு? அத நானே சொல்லுவேனே?” என்று கேட்டார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது.

தோழி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். “சார், எங்க ஊர்ல கேரட் போடறவங்க மண்டியில முன்பணம் வாங்குவாங்க, அறுவடையில கழிச்சுக் குடுத்துருவாங்க. ஒரு தடவகூட தவறினதில்லை. அது எந்த பேங்க் கம்ப்யூட்டர்லயும் இல்லைங்க. இல்லாதத இருக்குற மாதிரி மெஷின் சொல்லக் கூடாதுங்க சார்.”

இரண்டாவது நடுவர் வங்கியில் மேலாளராக இருந்த ஓர் அம்மா. வெள்ளை ஸ்வெட்டர், மூக்கின் நுனியில் கண்ணாடி. அதுவரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது என்னைப் பார்த்து, “அந்தக் காலிக் கட்டத்துல மொதல்ல என்ன போட்டிருந்தீங்கம்மா?” என்றார்.

சொன்னேன். அத்தாவைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டுமென்று நினைத்திருக்கவில்லை.

காலிக் கட்டங்களைப் பற்றி நாங்கள் எழுதியிருந்த ஒரு பக்கத்தை அவர் வாங்கி, நின்றபடியே இரண்டு முறை படித்தார். “இத நான் வெச்சுக்கட்டுமா?” என்று கேட்டார். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவரை நான் மறுபடி பார்த்ததில்லை. அந்தக் காகிதம் என்ன ஆனதென்றும் தெரியாது.

பரிசு எங்களுக்கு இல்லை. பங்கேற்ற எல்லோருக்கும் கொடுத்த ஒரு சான்றிதழோடு தோழி இத்தலார் பஸ் ஏற, குன்னூர் பஸ்ஸில் தோழன் முன்சீட்டிலும் நான் ஜன்னலோரத்திலுமாக வந்தோம். வழியெல்லாம் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளைதான்.

வீட்டில் அத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். என் பூஜ்யத்தையும் மறைக்கவில்லை. அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்தபடி கேட்டார்.

“கடைசியா அது என்ன சொல்லுச்சு?”

“தெரியலை, நேர்ல போய்க் கேளுங்கன்னு சொல்லுச்சுங்கத்தா.”

“அட, மருவாதி தெரிஞ்ச மெஷினா இருக்கே கண்ணு!” என்றார்.

அடுத்த வருடம் மார்க்கெட்டில் பக்கத்துக் கடைக்காரர் சொல்லி, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பார்த்தார். அங்கே கம்ப்யூட்டரோடு நிறுத்தவில்லை. ஓர் அலுவலர் கடைக்கே வந்தார். அடுப்புச் சூட்டில் அரை மணி நேரம் நின்று, எத்தனை மணிக்கு வேலை ஆரம்பிக்கும், மைதா எங்கே வாங்குவது, மழைக்காலத்தில் வியாபாரம் எப்படி என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கடன் கிடைத்ததைவிட அந்த அரை மணி நேரத்தைத்தான் அத்தா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். “என்கிட்டயே கேட்டாரு பாருங்க, என்கிட்டயே.”

மாவு பிசைகிற மெஷின் ஒரு ஜீப்பில், தார்ப்பாயில் சுற்றி, சாரல் மழையில் வந்து இறங்கியது. நான்கு பேர் தூக்கினார்கள். அம்மா வாசலில், தான் நனைந்தபடி, மெஷினுக்கு மட்டும் குடை பிடித்தாள். முதல்முறை சுவிட்சைப் போட்டபோது மாவு எழும்பிக் கடை முழுதும் வெள்ளையாய்ப் பரவியது. அந்த வெள்ளைக்குள் அத்தா இரண்டு கையையும் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு, அது சுற்றுவதையே பார்த்தபடி நின்றிருந்தார்.