ஏரிக்கரையில் அம்மா திறந்த கார்புரேட்டர்

என் தம்பி பிறந்த அன்று மாமாவின் கார் ஏரிக்கரையில் நின்றுபோனது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கார் விஷயத்தில் மாமாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மாமாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அது தாத்தா வாடகைக்கு ஓட்டிய பழைய பெட்ரோல் கார். அவர் போன பிறகு, மகன் என்ற முறையில் மாமாவுக்கு வந்தது. உத்திரமேரூர் கடைத்தெருவில் அதை நிறுத்திவிட்டு இறங்கும்போது மாமாவின் நடையே மாறிவிடும். வண்டியில் கோளாறு என்று யார் சொன்னாலும், தம்முடைய ஆண்பிள்ளைத்தனத்தைக் குறை சொன்னதுபோல் முகம் சுருங்கும்.

சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. அப்பா தென்னேரிப் பக்கம் அறுவடைக்குப் போயிருந்தார். கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸெல்லாம் எங்கள் ஊருக்கு அப்போது இல்லை. மாமா எங்கள் இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். பாதி வழியில், ஏரிக்கரை மேல், வண்டி இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது.

மாமா சாவியைத் திருகினார். ஆக்சிலேட்டரைக் குத்திக் குத்தி மிதித்தார். பெட்ரோல் வாடை உள்ளே ஏறி என் கண் எரிந்தது. இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார். திரும்ப வந்து மறுபடியும் சாவியைத் திருகினார்.

“கால எடுடா,” என்றாள் அம்மா.

“நீ சும்மா குந்துக்கா. பெட்ரோல் ஏறல. பம்ப்புலதான் இன்னாவோ ஆயி கீது.”

“ஏறலியா? ஏறி வழியுது. வாட அடிக்கறது தெரில? இன்னும் நாலு தபா திருப்புனா பேட்டரியும் பூடும்.”

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். எனக்குத் தெரிந்த அம்மா கதிர் அறுப்பாள், களி கிண்டுவாள், ஆண்கள் பேசும் இடத்தில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நிற்பாள். அந்த அம்மா ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி, பானெட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கார்புரேட்டரின் பக்கவாட்டில் பெட்ரோல் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்த ஒருவர் உதவலாமென்று இறங்கி வந்தார். அவர் உதட்டில் பீடி புகைந்தது.

“யோவ், பீடிய கொண்டுபோயி ஏரில போடு! அப்பால கிட்ட வா!”

அவர் ஓடியே போய்ப் போட்டார். அம்மா அப்படி ஓர் ஆண்பிள்ளையை அதட்டி நான் கேட்டதே இல்லை.

மாமாவின் பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்து, கார்புரேட்டர் மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். மாமா கையை நீட்டிக்கொண்டு நின்றார். மூடியைத் தூக்கியதும் உள்ளே பெட்ரோல் தளும்பி நின்றது. அதில் ஒரு பித்தளை மிதவை. மூடியின் அடியிலிருந்து சுண்டுவிரல் நகத்தளவு ஊசி ஒன்றை அம்மா உருவினாள்.

அந்த நேரத்தில் வலி வந்துவிட்டது. ஊசியை என் கையில் திணித்தாள்.

“கீழ போட்டுடாத. இது பூட்ச்சின்னா வண்டி இங்கியேதான்.”

பம்பரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தமே வரவில்லை. நான் இரண்டு கைகளாலும் ஊசியை மூடி நெஞ்சோடு அழுத்திக்கொண்டேன். என் தம்பியோ தங்கையோ அந்தக் கைகளுக்குள் இருப்பதுபோல் இருந்தது. புல்லுக்கட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

வலி விட்டதும் கையை நீட்டினாள். கொடுத்தேன். புடவைத் தலைப்பால் ஊசி முனையைத் துடைத்து, அது உட்காரும் துளையில் வாய் வைத்து ஊதினாள். பிறகு விரல் நுனியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு துரும்பு.

“இதான். பெட்ரோல் வர்ற தொளைய ஊசி மூட வுடாம குந்திக்கினு கீது.”

அத்தனை பெரிய வண்டியை அது நிறுத்தியிருந்தது. அதை அம்மா வாடையிலேயே கண்டுபிடித்திருந்தாள். எனக்கு எதைப் பார்த்து வாயைப் பிளப்பது என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, வழிந்ததைத் துடைத்துவிட்டு, ஆவி போகட்டும் என்று சிறிது நேரம் பானெட்டைத் திறந்தே வைக்கச் சொன்னாள். பிறகு மாமாவிடம், “சோக் பிடிய இழுக்காத, இன்னும் பெட்ரோல் ஏறிடும். பெடல ஒரே மிதியா கடைசி வரிக்கும் மிதிச்சிப் புடி. குத்திக் குத்தி மிதிக்காத,” என்றாள்.

மாமா பள்ளிக்கூடப் பையன்போல் செய்தார். வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு உறுமிக்கொண்டு கிளம்பியது. புல்லுக்கட்டுக்காரர் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பல வருடம் கழித்து மாமாவே சொன்னார்: அவர் ஹாஸ்டலில் படித்த காலத்தில் தாத்தாவோடு அந்த வண்டியைக் கழற்றிப் பூட்டியதெல்லாம் அம்மாதானாம். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய மாதத்தில், நகத்தில் கறுப்பு இருக்கக் கூடாதென்று ஆணையிட்டு நிறுத்திவிட்டார்களாம். அன்று காரில் அதை யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் மாமா ஒரு கையால் ஓட்டினார். மறு கையால் கண்ணைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்ரோல் வாடை அவருக்கும் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் தம்பி பிறந்தான். சாயங்காலம் அப்பா வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

“பாதி வழில வண்டி நின்னுட்ச்சாமே? யார் ரிப்பேர் பண்ணது?”

அம்மா குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“தம்பிதான்,” என்றாள் அம்மா. “அஞ்சே நிமிஷத்துல எடுத்துட்டான்.”

அப்பா மாமாவின் தோளைத் தட்டினார். நான் வாயைத் திறந்தேன். அம்மா போர்வைக்கு அடியில் என் கையைப் பிடித்து இறுக்கினாள்.

பிரசவ வலியில் அம்மாவுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது, பாவம், என்று நினைத்தேன். உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் நடந்ததை ஒன்றுவிடாமல் அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.