கருவேல மரங்கள் நின்ற இடம்

தோவாளைக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குளத்தைக் காப்பாற்றக் கோரும் மனுவை நான்தான் எழுதினேன். பணிக்காலம் முழுவதும் வருவாய்த் துறையில் பிறர் மனுக்களில் குறை கண்டுபிடித்தவன் எழுதிய மனுவில் குறை இருக்குமா? பறவைகளின் நலன் கருதி குளத்தைத் தூர்வார வேண்டும், ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும், உள்ளே வளர்ந்திருக்கும் கருவேல முள்மரங்கள் அனைத்தையும் வெட்ட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருந்தேன். கோயில் கமிட்டிக்காரர்களும் கிறிஸ்தவ சபை வாலிபர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கருவேல மரங்களில்தான் கொக்குகள் அடைகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். மனுவில் அதற்கென்று ஒரு பத்தி இல்லாததால் யாருக்கும் நினைவு வரவில்லை.

இயந்திரம் வந்தது. குளம் வழித்து வைத்த தட்டுபோல ஆயிற்று. வெட்டிய மரங்கள் கரையோரம் கிடந்தன.

அன்று சாயங்காலம் கொக்குகள் வழக்கம்போல மலைப்பக்கமிருந்து வந்தன. நீரின்மேல் சுற்றிவிட்டு ஒவ்வொன்றாக, மரம் இருந்த உயரத்தில் சிறகை ஒடுக்கி, காலை நீட்டி, ஒன்றுமில்லாத இடத்தில் உட்காரப் பார்த்தன. சற்றுக் கீழே விழுந்து, சிறகடித்து ஏறி, மறுபடியும் அதே இடம். ஒரு குரல் இல்லை. கூட்டம் கூடக்கூட, வெட்டிய மரங்களின் உருவம் ஆகாயத்தில் வெள்ளையாகத் தெரியத் தொடங்கியது. இங்கே ஒரு கிளைக்கவை, அங்கே ஓர் உச்சி. நான் வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டேன்.

மறுநாள் வந்தவை பாதிதான். அதற்கடுத்த நாள் மத்தியானம், பக்கத்து வயலில் பிச்சிப்பூ பயிரிட்டிருக்கும் பெண் கரையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சாரே, இது அதுக கூடு கட்டுத மாசம். இன்னைக்கும் அடையலேன்னா இனி இந்தப் பக்கம் வராது, பாத்துக்கிடுங்க."

"மரம் நட மேலிடத்துக்குக் கருத்துரு அனுப்பியாச்சு."

"அது வாறது வரைக்கும் கொக்கு ரெக்கைய அடிச்சிட்டே நிக்குமா? மனு எழுதுன கையால ஒரு மரத்தை எழுதி நட்டுருங்க, பாப்போம்."

வெட்டிய மரம் அரசு உடைமை. ஒரு சுள்ளியை நகர்த்தவும் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். அந்த விதியைச் சொல்லி விறகு பொறுக்கியவர்களை நானே விரட்டியிருக்கிறேன். அன்றே அந்த மரங்களைத்தான் அவளுடைய புருஷனின் டிராக்டரில் கட்டி, பட்டப்பகலில் அவர்கள் இருவரும் நானுமாகக் குளத்துக்குள் இழுத்தோம்.

"ஏட்டி, பாத்து இழு. சாருக்குக் கால்ல முள்ளு ஏறிரப் போவுது," என்றான் புருஷன்.

"ஏறட்டும். அதுக்கும் ஒரு மனு எழுதுவாரு."

நான்கு மரங்கள் சேற்றில் நிமிர்ந்து நின்றன. ஐந்தாவது சாய்ந்துகொண்டே இருந்தது. முட்டுக் கொடுக்கக் கம்பெடுக்க அவர்கள் கரையேறினார்கள். நான் இடுப்பளவு நீரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் வெளிச்சம் மங்கிக் கொக்குகள் வந்துவிட்டன.

நன்றாக நின்ற நான்கையும் விட்டுவிட்டு என் தலைக்கு மேல் சுற்றின. ஒன்று இறங்கியது. அதன் கனம் மரத்தின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்தது. பிறகு இன்னொன்று. இலையில்லாத கிளைகள் சத்தமே இல்லாமல் நிறைந்தன. கழுத்துகள் வளைந்து, எல்லாக் கண்களும் என்னைப் பார்த்தன. கை அசைந்தால் போதும், எல்லாம் எழும்பிவிடும்.

"சாரே, கரைக்கு வாறியளா?" என்று அவள் மெல்லக் கேட்டாள்.

நான் பிடியை விடவில்லை. மேலே இன்னும் இரண்டு இறங்கிக்கொண்டிருந்தன.