தெருவுக்கே ஒரு ஃப்ரிட்ஜ்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜை நாங்கள் வாங்கினோம் என்பதோடு சரி, ஆண்டு அனுபவித்தது தெரு. நெம்மேலிக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பம் எங்களுடையது. உப்புக்காற்றில் மற்ற வீட்டு ஃப்ரிட்ஜுகள் துருப்பிடித்து ஒவ்வொன்றாக உயிரை விட, எங்களுடையது மட்டும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தையின் இட்லி மாவு, கோடிவீட்டுக் குழந்தையின் பால், யாரோ வாங்கி வந்த மல்லிகைப்பூ என்று எப்போதும் அடைத்திருக்கும். கேட்காமல் கொள்ளாமல் வந்து திறப்பார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் தக்காளிக்கு இடம் பிடிக்க நான் சண்டை போட வேண்டும். அம்மா அதற்கும் சிரிப்பாள்.

அம்மா மாமல்லபுரம் போகிற சாலையோரத்தில் மீன் விற்கிறவள். அப்பா போன பிறகு அந்த மீன் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது. நான் திருக்கழுக்குன்றத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். காலையில் பஸ் பிடித்தால் இருட்டித்தான் வீடு.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை போதாமல் இன்சுலின் ஊசிக்கு மாற்றியிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து காலில் மீன் முள் குத்தி, புண் ஆறாமல் நின்றுவிட்டது. மாதா மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம். சர்க்கரை இறங்கவே இல்லை. இப்படியே போனால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று ஒருமுறை டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பஸ்ஸில் அம்மா சாதாரணமாகத்தான் வந்தாள். நான்தான் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊசி ஒழுங்காகப் போடுகிறாயா என்று டாக்டரும் கேட்டார், வீட்டில் நானும் கேட்டேன். நான் கேட்டது கொஞ்சம் சத்தமாகவே இருக்கும். எல்லாச் சாமி மேலும் சத்தியம் செய்தாள் அம்மா. காலி ஊசிகளை எடுத்துவந்து காட்டவும் செய்தாள்.

அடுத்த முறை புதிதாக ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவர் திட்டவில்லை. மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். ஃப்ரிட்ஜில்தான், காய்கறித் தட்டில் என்று, அம்மா சொல்லியிருந்ததை நம்பி நான் முந்திக்கொண்டேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஐஸ் பொட்டில வெச்சிகினு கீறேம்மா," என்றாள்.

விற்காத மீனை மறுநாள் வரை காக்க, உப்புத் தூவி ஐஸ் கொட்டும் பெட்டி அது. அதன் நடுவில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்திருக்கிறாள். மீனே கெடாத இடத்தில் மருந்தா கெட்டுவிடும் என்பது அவள் கணக்கு. உறைந்து உருகிய இன்சுலினுக்கு வேகம் போய்விடும், அதைப் போட்டாலும் ஒன்று, போடாவிட்டாலும் ஒன்று என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம் என்றார். இத்தனை மாதம் அம்மா தன் வயிற்றில் தானே குத்திக்கொண்டதெல்லாம் வீண். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நம்ம ஃப்ரிஜ்ஜ யார் வேணா தொறக்கறாங்க. ஊசி மருந்தப் பாத்தா ஊரு பூரா போயிடும். உன்னப் பொண்ணு கேக்க வர்றவங்க இன்னா சொல்வாங்க? ஆத்தாளுக்கு சக்கர, நாளைக்கு பொண்ணுக்கும் வரும்னு எய்ந்து போயிடுவாங்க."

இந்த மனுஷியை என்ன செய்வது? கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் அவள் கையை விடவில்லை.

புதுக் குப்பியைக் கதவில் வைத்தேன். கொஞ்ச நாளில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வரும் நாள் விடிந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குப்பியைக் காணோம். நேராக ஐஸ் பெட்டிக்குப் போனேன். நல்ல வேளை, இன்னும் ஐஸ் கொட்டவில்லை. எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்தேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று அம்மா கெஞ்சினாள்.

சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார்கள். எதிர்வீட்டு அத்தை ஒத்தாசைக்கு வந்திருந்தாள். அம்மா கட்டுப்போட்ட காலைப் புடவைக்குள் மறைத்து மறைத்து நடந்து, எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி போடவில்லை, அதனால் அவள் வாயில் இன்னும் ஒன்றும் படவில்லை. வந்தவர்களோ எழுந்திருக்கிற மாதிரி இல்லை. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. பட்டுப்புடவையோடு எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

"அம்மா, உக்காரு. ஊசி போட்டுகினு நாஸ்தா துன்னு."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். இருந்தும் உட்கார்ந்தாள், வயிற்றுக்குப் பதில் கையை நீட்டினாள். எத்தனை வருஷமாக என்று மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தார். நான் சொன்னேன். வந்தவர்கள் மரியாதையாகத்தான் கிளம்பினார்கள். போன் செய்வதாகச் சொன்னார்கள், செய்யவில்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடும்போதுகூட எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். ஆனால் பேச்சு நின்றதே தவிர ஊசி நிற்கவில்லை, எனக்கு அது போதும். புண் ஓரத்திலிருந்து மெல்லச் சிவந்து மூடத் தொடங்கியது. கால் தப்பியது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அம்மா மட்டும் விறைப்பாகவே இருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டு அத்தையின் மாவுப் பாத்திரத்தை நகர்த்திய அம்மா ஃப்ரிட்ஜ் முன்னாலேயே நின்றுவிட்டாள். ஃப்ரீசரை ஒட்டிய மேல்தட்டில், பாத்திரத்துக்குப் பின்னால், ஒரு கைக்குட்டையில் சுற்றியபடி இன்னொரு இன்சுலின் குப்பி இருந்தது. அம்மா அதை எடுத்துக் கதவில் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு அத்தை மாவு எடுக்க வந்தாள். அம்மா மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"உன்னுத மேல வெக்காத, ஒறைஞ்சிடும். கதவுல மாத்தி வெச்சிட்டேன்."

அத்தை மாவை எடுக்காமல் அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நாளாக என்று அம்மா கேட்டாள்.

"உனக்கு முன்னாடியேக்கா," என்றாள் அத்தை.