ஓரத்தில் நின்ற மச்சான்

போன ஞாயிறு மகளுக்குக் காதுகுத்து. இந்தப் பத்திக்குப் படம் எடுப்பதும் நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். சொந்த வீட்டு விசேஷத்தை விடுவேனா? கோயிலில் வைத்து குரூப் போட்டோ எடுத்து, சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

அரை மணி நேரமாகியும் ஒரு லைக்கூட வரவில்லை.

மனைவி போனை நீட்டினாள். "எங்கண்ணன் எங்கங்க?"

பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் சீர்த்தட்டைப் பிடித்த ஒரு கை மட்டும் இருந்தது...

தாய்மாமன்! பாப்பாவை மடியில் வைத்துக் காது குத்த, துபாயிலிருந்து பத்து நாள் லீவில் வந்தவர். எல்லாரையும் வரிசைப்படுத்திவிட்டு, கடைசியாக ஓரத்தில் வந்து நின்றிருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கம் இதை யார் மன்னிப்பார்கள்? போதாக்குறைக்கு, காதுகுத்து அழைப்புப் பத்திரிகையில் பேர் போடும் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் அதற்கு முந்தின வாரம்தான் ஓர் உரசல்.

"வேணும்னே வெட்டிட்டீங்க" என்றாள் மனைவி.

வேண்டுமென்று செய்யவில்லை. அவர் அங்கே நின்றதே எனக்குத் தெரியாது.

மூன்று மாதமாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இங்கே சொல்கிறேன். எனக்கு க்ளாக்கோமா. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அதைக் கேமரா பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். தெரிந்தால் கேமராவைப் பிடுங்கி வைத்துவிடுவார்களோ என்று பயம். ஒருநாள் பாப்பாவின் முகமும்... வேண்டாம், எழுதவே பயமாக இருக்கிறது.

கெட்டவன் என்று பேர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அது சுலபமாகத்தான் தெரிந்தது!

ஆனால் நேற்று மச்சான் கிளம்பினார். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போக கார் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்காமலே பெட்டியைத் தூக்கினார். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் வருவார்.

"மச்சான்... நீங்க ஓரத்துல நின்னது என் கண்ணுக்குத் தெரியல" என்று மருந்தை எடுத்துக் காட்டினேன்.

மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். மச்சான் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஏன் மாப்ள, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? கேமராவ எடுங்க!"

எல்லாரையும் வாசலில் நிறுத்தினார். "ரெண்டு ஓரத்துல நிக்கிறவங்களும் சத்தம் குடுக்கணும். மாப்ள அங்கிட்டுத் திரும்பிப் பாத்துட்டுத்தான் எடுப்பாரு."

"இங்கிட்டு நான் இருக்கேங்க!" என்றாள் மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இங்கிட்டு நான்!" என்றார் மச்சான்.

இரண்டு பக்கமும் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றேன். நெருங்கினார்கள். இந்த முறை ஒருவரும் விடுபடவில்லை.

மச்சான் அடுத்த தடவை வரும்போது, இன்னும் எவ்வளவு நெருங்கி நிற்கச் சொல்ல வேண்டியிருக்குமோ?