சவரி அக்கா உட்கார்ந்த நாற்காலி

தேயிலைக் கடையில் பொட்டலம் கட்ட எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், அடுத்து எந்தத் தேயிலையை வாங்கலாம் என்று சொல்ல ஒரு ஆள்தான் கிடைக்கும். இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் முதலாளி ராவுத்தர். தெங்கேராவில் இருந்த அவர் கடைக்கு நான் வேலைக்குப் போன முதல் நாள், பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னார். அந்த ஆள் யார் என்று கேட்டேன். ஜன்னல் ஓரத்துப் பிரம்பு நாற்காலியைக் கையால் காட்டினார். அதில் சவரி அக்கா உட்கார்ந்திருந்தார்.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, நாலாம் வகுப்போடு நின்று, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவள். மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இந்த வேலைக்கு வந்தேன். தேயிலை என்றால் எனக்கு உயிர். மேசையில் சிந்தின தூளைக்கூட கேட்டு வாங்கி, வகைக்கு ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைப்பேன். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று முதல் வாரத்திலேயே மனசில் எழுதிக்கொண்டேன்.

வேலையிடத்தில் தன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தியோடு வருடக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆறு கோப்பைகள்

மாதம் பிறந்ததும் தரகர் மாதிரிப் பொட்டலங்களோடு வருவார். சிலோன் தேயிலை, நம் மலைத் தேயிலை, ஜாவாத் தேயிலை என்று எப்படியும் ஆறு இருக்கும். ஆறு வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் வகைக்கொரு சிட்டிகை போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றுவது என் வேலை. சவரி அக்கா கடிகாரம் பார்க்கமாட்டார். ஜெபமாலையை எடுத்துப் பதினைந்து மணி உருட்டுவார். பதினைந்து முடிந்தால் தேயிலை இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு கரண்டியால் எடுத்து உறிஞ்சி, வாயில் ஒரு சுற்றுச் சுற்றி, படிக்கத்தில் துப்புவார். முதலாளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

நான் வாசனையை வைத்தே மனசுக்குள் மூன்றாவது என்று முடிவு கட்டியிருப்பேன். அக்கா ஐந்தாவது என்பார். எல்லோரும் போன பிறகு ஆறிப்போனதை எடுத்துக் குடித்துப் பார்ப்பேன். ஐந்தாவதுதான். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், மூன்றாவதும் நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டுவிட்டேன். அவர் அந்தக் கோப்பையை இன்னொரு தடவை முகர்ந்தார்.

"நல்ல தேயிலைதான் தங்கச்சி. ஆனா கப்பல்ல வர்றப்ப மிளகாய் மூட்டை பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கு."

வெள்ளிக்கிழமை வேண்டுதல்

வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் நான். யாருக்கும் கெடுதல் வரவேண்டும் என்று என் ஆயுசில் கேட்டதில்லை. அன்றைக்கும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தரகர் வருகிற நாள் மட்டும் சவரி அக்காவுக்குக் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்தால் நன்றாக இருக்கும் தாயே என்றேன். ஒரு நாள் போதும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

தரகர் வந்த காலையில் அக்கா மூக்குச் சிவந்து, கைக்குட்டையோடு வந்து சேர்ந்தார். எனக்கு வந்தது சந்தோஷமா பயமா என்று தெரியவில்லை. ஆனால் அவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஊறின இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தார், விரலால் தேய்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். இரண்டாவது என்றார். அந்த மாதம் போல எங்கள் கடையில் எந்த மாதமும் கூட்டம் வந்ததில்லை.

செய்ததற்குப் பரிகாரமாக மறுநாள் இஞ்சி தட்டிப் போட்டு, தேத்தண்ணி கலக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்காக வேண்டிக்கிட்டியா தங்கச்சி?"

ஒரே பெட்டி

அதோடு நான் திருந்தியிருக்கவேண்டும். திருந்தவில்லை. அடுத்த மாதம் ஒரு மாதிரியை ஒளித்துவிட்டு, ஒரே தேயிலையை இரண்டு கோப்பையில் போட்டு வைத்தேன். இரண்டாவது ஒன்று, நாலாவது ஒன்று. இதற்கும் அதற்கும் அவர் ஏதாவது வித்தியாசம் சொல்வார், சொன்னதும் முதலாளி முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ராத்திரி சாமி கும்பிடும்போது அந்தப் பக்கமே நினைப்பைப் போகவிடவில்லை.

அக்கா பதினைந்து மணி உருட்டினார். உறிஞ்சினார், துப்பினார். நாலாவது கோப்பைக்கு வந்ததும் சற்று நின்றார். திரும்பி இரண்டாவதை எடுத்தார். என்னைப் பார்க்கவே இல்லை, முதலாளியிடம் சொன்னார்.

"ரெண்டாவதும் நாலாவதும் ஒரே பெட்டி முதலாளி. நாலாவதுல கை நடுங்கி ஒரு சிட்டிகை கூடப் போயிருச்சு."

என் வீட்டுக் கோப்பை

கடையில்தான் இப்படி என்றால் வீட்டிலும் நிம்மதி இல்லை. வீட்டுக்கு அடுத்து எந்தத் தேயிலை வாங்குவது என்று மாதம் முழுக்க யோசிப்பேன். இலை வாங்கலாமா, பொடி வாங்கலாமா, இரண்டையும் கலந்து பார்க்கலாமா என்று டப்பாக்களைத் திறந்து திறந்து முகர்வேன். மூன்று மாதம் நானே தேர்ந்தெடுத்துப் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வேலைக்குப் போவார், ஒன்றும் சொல்லமாட்டார். நாலாம் மாதம், வேண்டாவெறுப்பாக, சவரி அக்கா கைகாட்டினதையே வாங்கி வந்தேன். முதல் வாய் குடித்தவர் கோப்பைக்குள்ளே எட்டிப் பார்த்தார். இன்னொன்று போடச் சொன்னார்.

"இந்தத் தடவை கடையில வேற யாராவது எடுத்துக் குடுத்தாங்களா?"

ஓட்டை போட்ட பால் டின்

இனி சொல்லப்போவதுதான் நான் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாதது.

ஒரு மாதம் தரகர் கறுப்புப் பொடி ஒன்று கொண்டுவந்தார். டவுனில் பிறந்து வளர்ந்த சவரி அக்கா எப்போதும் கடைசியில் டின் பால் கலந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார். அன்றும் கலந்தார். பால் ஊற்றியதும் செங்கல் நிறத்தில் கட்டியாக நின்றது. தோட்டத்துக்கு இதுதான் சரி, விடியும்முன் ரப்பர் வெட்டப் போகிறவர்களுக்குக் கட்டியாக இருக்கவேண்டும் என்றார். முதலாளி தோட்டத்துக் கடைகளுக்கென்று பெட்டி பெட்டியாக எடுத்துவிட்டார்.

எனக்கு விஷயம் தெரியும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அண்ணன் வீட்டுக்குப் போய் வந்திருந்தேன். சாப்பாட்டுச் சாமான் காட்டிலிருந்த ஆட்களுக்குப் போய்விடக்கூடாது என்று அப்போது தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, வாசலில் சோதனை. ஒரு வீட்டுக்கு வாரம் ஒரு டின் பால்தான் தருவார்கள், அதையும் கடைக்காரர் கண்ணெதிரில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின்னை எடுத்து வைக்கமுடியாது. எறும்புக்குப் பயந்து தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தாலும் மூன்று நாளில் தீர்த்தாகவேண்டும். மிச்ச நாளெல்லாம் பால் இல்லாத தேத்தண்ணி. இந்தப் பொடியைப் பால் இல்லாமல் குடித்தால் தொண்டையைப் பிடிக்கும். பால் ஊற்றுமுன் நானும் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்திருந்தேன், அப்போதே தெரிந்துபோனது. சொல்ல வாயைத் திறந்தேன். நாற்காலியைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அண்ணி கடைக்கே வந்துவிட்டார். மிச்சப் பொடியைப் பொட்டலத்தோடு மேசையில் வைத்தார்.

"மூணு நாள் தேத்தண்ணி, நாலு நாள் கசாயம். இதை எடுத்தவங்க தோட்டத்துப் பக்கமே வந்ததில்லையா அஞ்சலை?"

நாற்காலி கிடைத்தது

தோட்டத்துக் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. முதலாளி கத்துகிற ஆள் இல்லை. ஒரு காலையில் வந்து, சவரி அக்காவைப் பின்கட்டுக்குப் போய்த் தூள் சலிக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, நீ தோட்டத்துப் பெண்தானே, நீ உட்கார் என்றார். நான் உட்கார்ந்தேன். பால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒத்துப்போகிற மாதிரி ஒரு மெல்லிய இலையைத் தேர்ந்தெடுத்தேன். தோட்டத்தில் பிடித்துப்போனது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

பிரம்பு நாற்காலி நான் நினைத்த அளவு சுகமாக இல்லை. பின்கட்டில் தூள் பறந்து அக்கா இருமுவது ஒவ்வொரு இருமலாகக் கேட்டது. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரத் தட்டு வந்தபோது அம்மன் முகத்தை என்னால் பார்க்கமுடியவில்லை, காலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாள் ஆளில்லாத நேரம் பின்கட்டுக்குப் போய் நின்றேன். அக்கா சல்லடையைக் கீழே வைத்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அன்னைக்கு நீ வாயைத் திறந்து மூடினதை நான் பாத்தேன் தங்கச்சி. என்னன்னு கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு ஒரு இது, கேக்க மனசு வரல."

பெஞ்சு

எனக்கு மட்டும்தான் அந்த வியாதி என்று அதுவரை நினைத்திருந்தேன். நேராக முதலாளியிடம் போனேன். அந்தப் பொடி தோட்டத்துக்கு ஆகாது என்று முன்னாலேயே தெரியும், தெரிந்தே பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன், அக்காவைத் தூளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். முதலாளி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எழுந்து நாற்காலியை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, அரிசி மூட்டைப் பக்கம் கிடந்த பெஞ்சை இழுத்து ஜன்னல் ஓரம் போட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு தடவை பார்த்தோம், பாலோடு ஒன்று, பால் இல்லாமல் ஒன்று. அக்கா ஜெபமாலை உருட்டுவார், நான் அம்மன் பேரைச் சொல்லி எண்ணுவேன். அவர் முடித்த பிறகும் எனக்கு நாலைந்து பாக்கி இருக்கும். ஜன்னல் பக்கம் மட்டும் நான் விட்டுக் கொடுத்ததே இல்லை. பெஞ்சைப் போட்ட அன்றே முதலாளி ஒரு நிபந்தனை போட்டார்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரே முடிவாச் சொல்லணும். ரெண்டு முடிவு சொன்னீங்க, ரெண்டு பேருக்கும் சல்லடைதான்."

ஓட்டை போடாத டின்

சில காலம் கழித்து எங்கள் பக்கத்தை ஆபத்து நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியது, பால் டின்னை முழுசாகவே வாங்கலாம் என்று ஆனது. அண்ணன் வீட்டில் மூன்று டின்னை அடுக்கி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறு மாதம் தரகர் வந்தபோது முதலாளி பெஞ்சைப் பார்த்தார். இனிமேல் எல்லா வீட்டிலும் பால் இருக்கும், பால் ஊற்றிப் பார்த்தால் போதும், சவரி ஒருத்தியே பார்த்துவிடுவாள், அஞ்சலை பொட்டலத்துக்குப் போகலாமே என்றார். நியாயம்தான். எழுந்துவிட்டேன்.

சவரி அக்கா ஜெபமாலையை மேசையில் வைத்தார். என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"டின்னுல ஓட்டை போட்டாலும் போடாட்டியும், மாசக் கடைசியில பால் இல்லாத வீடு இருக்கத்தான் செய்யும் முதலாளி. அந்த வீட்டுக்கும் யாராவது ருசி பாக்கணும்ல."

தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான், அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கவேண்டியது, டவுனில் பிறந்த அவர் முந்திக்கொண்டாரே என்று இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான். என் பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள், சவரி அக்கா ஜெபமாலையோடு மகள் வீட்டில் இருக்கிறார், நான் வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் சேர்த்து, இந்தத் தடவை நல்லபடியாகவே, வேண்டிக்கொள்கிறேன்.

நீங்கள் அடுத்த தடவை யார் வீட்டுக்காவது தேயிலை வாங்கிக்கொண்டு போனால், அந்த வீட்டில் பால் இருக்கிறதா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.