தெருமுனைத் தூணின் சாவி

திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்களுடையது ஒரு முட்டுச்சந்து. சென்ட்ரலுக்கு ரயில் ஏறப் போகிறவர்கள் காரைக் கொண்டுவந்து எங்கள் கேட்டுகளை மறித்து நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு, குடியிருப்போர் சங்கத்தில் பேசித் தெருமுனையில் மூன்று இரும்புத் தூண்களை நட்டோம். கரண்டில் ஓடுவது வேண்டாம் என்று முடிவு. எங்கள் பக்கம் மழை வந்தால் முதலில் போவது கரண்ட், அடுத்து தெரு. நடுத்தூணின் தலையில் சாவியைப் போட்டுத் திருகினால் போதும், தன் கனத்திலேயே அது தரைக்குள் இறங்கிவிடும். வண்டி போனதும் கையால் மேலே இழுத்துப் பூட்ட வேண்டும்.

சாவி ஒன்றுதான். ஆளுக்கொன்று கொடுத்தால் திறந்தவன் பூட்டமாட்டான் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே தெரிந்திருந்தது. முனை வீடு எங்களுடையது. முட்டிவலியால் என் மனைவி எப்போதும் வீட்டில்தான் இருப்பாள். சாவி எங்கள் வாசல் ஆணியில் தொங்கியது.

அதற்கு முன் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாள் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும், யாராவது வந்தபடி இருப்பார்கள். நான் ஓய்வு பெற்று இங்கே வந்தபின் எதிர்வீட்டு முகம்கூடப் பழகவில்லை. தெருவில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் முன்னால், மீதிப்பேர் ரயிலில். சாவி வந்துதான் அவளுக்கு மனிதர்கள் வந்தார்கள்.

சாவி கேட்டு யார் வந்தாலும் அவளுக்கு ஒரே கேள்வி: "வண்டியில என்ன வருது?" ஃபிரிட்ஜ் வருகிறது, பிரசவத்துக்கு மகள் வருகிறாள், வீடு காலி செய்கிறார்கள், எல்லாம் அவளைத் தாண்டித்தான் உள்ளே போகும். வந்தவர் காபி குடிக்காமல் தப்ப முடியாது. செக்போஸ்ட் ஆபீசர் என்று நான் கிண்டல் செய்வேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பிறகு அவளுக்கு இதய ஆபரேஷன். வீட்டுக்கு வந்த மறுநாளே சங்கச் செயலாளர் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். ஐ.டி.யில் வேலை பார்ப்பவர், தங்கமான பிள்ளை.

"ஆன்ட்டி, இனிமே உங்கள யாரும் தொந்தரவு பண்ண மாட்டோம். வீட்டுக்கு ஒரு சாவி அடிச்சுக் குடுத்தாச்சு."

"நல்லதுப்பா" என்றாள். முகம் விழுந்ததை நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை.

அன்றோடு எங்கள் காலிங்பெல் ஓய்ந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரைத் திட்டுவது? வந்து தொந்தரவு செய்யுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்க முடியுமா? அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூண் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரைத் தெருமுனையில் நிறுத்தி, வீட்டில் வந்து சாவி வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"இன்னா சார், செகரட்டரி எனுக்கே ஒரு சாவி குடுத்துகீறாரு. அம்மாவ இன்னாத்துக்கு எழுப்பணும்?"

"பரவாயில்ல, வந்து கேளுங்க."

வந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வண்டியில என்ன வருது?"

"சிலிண்டர்தாம்மா. வேற இன்னா வரும்?"

வெகுநாள் கழித்துச் சிரித்தாள். அவர் ஆணிப்பக்கம் கை நீட்டியபோது, அவர் பெல்ட்டில் தொங்கிய இன்னொரு சாவியின் மேல் அவள் கண் போனது. அவர் போனபின் என்னிடம் கேட்டாள்.

"நீங்கதான் சொல்லி அனுப்புனீங்களா?"

நான் ஆணியில் தொங்கிய சாவியை நேராக்கினேன்.

"பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. இனிமே சொல்லாதீங்க."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை அவள் போய்விட்டாள். தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. பெயர் தெரியாத பெண்கள்கூட அழுதார்கள். மதியம் அமரர் ஊர்தி கிளம்பிவிட்டதாகச் சொன்னதும் நான் எழுந்துபோய் ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். யாராவது வந்து கேட்பார்கள், கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

வண்டிச் சத்தம் நேராக எங்கள் கேட்டுக்கே வந்து நின்றது. தூணை யாரோ எப்போதோ இறக்கி வைத்திருக்கிறார்கள். சாவி கேட்டு ஒருவரும் வரவில்லை.